தீர்ப்புக்கு முன் பார்வை: கலை வகுப்பின் கதை



பல ஆண்டுகளுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் தாங்கள் கண்ட திருவிழாவை வரையச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாரும் காவடியும் கோபுரமும் இரதமும் வரைந்தனர். ஒரு மாணவன் மட்டும் தாள் முழுவதும் கால்களாக வரைந்திருந்தான். ஈரமான சாலை, மஞ்சள் வேட்டிகளின் ஓரம், சலங்கை கட்டிய கணுக்கால்கள், உடைந்த தேங்காய்ச் சிரட்டைகள். தலை ஒன்றுகூட இல்லை.

"என்னப்பா இது? பாதிப் படம்தானே வரைந்திருக்கிறாய்?" என்று வகுப்பின் முன்னிலையிலேயே கேட்டுவிட்டு, நூறு புள்ளிக்கு நாற்பது போட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த வாரக் கலை வகுப்பில் வெற்றுத் தாளை என்னிடம் நீட்டினான்.

சில மாதங்கள் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். தைப்பூசத்தன்று அவர் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தாராம். பையன் மேசைக்கு அடியில் உட்கார்ந்தே ஊர்வலம் முழுவதையும் பார்த்தானாம். அவன் கண்டது கால்களை மட்டும்தான்! கண்டதைக் கண்டபடி வரைந்த ஒரே மாணவனுக்குத்தான் நான் நாற்பது புள்ளி போட்டிருக்கிறேன்.

பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதியது என் பிழை. அந்தப் பிழைதான் கலைக் கல்வியின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. படித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

படியெடுத்தலில் தொடங்கிய கதை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஹென்றி கோல், ரிச்சர்ட் ரெட்கிரேவ் ஆகியோர் அரசின் சார்பில் ஓவியப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தனர். அதில் 23 படிநிலைகள் இருந்தன. மாணவர்கள் முதலில் நேர்கோடுகளைப் படியெடுக்க வேண்டும்; பிறகு அலங்கார வடிவங்கள், அதன் பிறகு சுண்ணச் சிலைகள். ஆலைப் பொருள்களுக்கு நல்ல வடிவமைப்பாளர்களை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே அங்கு அளவுகோல். மாணவன் என்ன கண்டான், என்ன எண்ணினான் என்று கேட்க அத்திட்டத்தில் பெரிதும் இடமில்லை.

இந்தப் போக்குக்கு எதிர்க்குரல் வியன்னாவில் எழுந்தது. பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர் சிறுவர்களுக்காக நடத்திய கலை வகுப்பு 1897இல் ஏற்பு பெற்றது. குழந்தையின் ஓவியத்தைப் பெரியவரின் ஓவியத்தில் குறைபட்ட வடிவமாகக் கருதலாகாது, அது தனக்கென விதிகளைக் கொண்டது என்பது அவர் கொள்கை. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி தொடங்கியபோது, அங்குக் கற்பித்த ஜொஹான்னஸ் இட்டன் பழைய ஓவியங்களை வகுப்பில் காட்டி, அவற்றின் ஒளி நிழலையும் அசைவையும் மாணவர்களே ஆராய்ந்து வரையச் செய்தார். இவ்வாறு, படியெடுப்பதற்கு மட்டுமே பயன்பட்ட படம், பகுத்தாய்வதற்கும் உரியதாயிற்று.

நான்கு படிகள்

ஆயினும் வகுப்பறை ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க எளிய வழியொன்றை அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் பர்க் பெல்ட்மன் 1960களின் பிற்பகுதியிலும் 1970இலும் வெளிவந்த தம் நூல்களில் வகுத்துத் தந்தார். அதன் நான்கு படிகள் இவை:

1. விவரித்தல் – என்ன தெரிகிறது?
2. பகுத்தாய்தல் – கோடும் நிறமும் வடிவமும் எவ்வாறு அமைந்துள்ளன?
3. பொருள் காணல் – இப்படம் எதைப் பற்றியது?
4. மதிப்பிடல் – இது எவ்வாறு சிறந்தது, அல்லது குறைபட்டது?

தீர்ப்பு இறுதியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நானோ நான்காம் படியிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்தும் விட்டேன்!

இம்முறையை என் வகுப்பில் பயன்படுத்த நான் தேர்ந்தது சுவா மியா தீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்னும் எண்ணெய் வண்ண ஓவியம். மூல ஓவியம் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நான் காட்டியது அதன் அச்சுப்படியை.

"நல்ல படமா, இல்லையா என்று யாரும் சொல்லக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்," என்றேன். ஒரு வட்ட மேசை, அதைச் சுற்றிலும் சீன இளைஞர்கள், ஓர் ஆசிரியர், கரும்பலகை. "பெரியவர்களும் பள்ளிக்கூடம் போவார்களா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பலகையில் இரண்டு மலாய்க் கேள்விகள் எழுதப்பட்டுள்ளன: "உன் பெயர் என்ன?", "நீ எங்கே வசிக்கிறாய்?" அவற்றைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. "இது முதலாம் ஆண்டுப் பாடமாயிற்றே!"

இரண்டாம் படியில், "வட்ட மேசைக்குத் தலைமாடு கிடையாது, ஐயா," என்றான் ஒருவன். இதை எந்த நூலிலும் அவன் படித்திருக்க மாட்டான். பார்த்தான், சொன்னான்.

மூன்றாம் படிக்கு வந்தபோதுதான் வரலாற்றைச் சொன்னேன். 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. மலாய் தேசிய மொழியாயிற்று. மலாயாவுடன் இணையும் நாளை அங்குப் பலர் எதிர்நோக்கியிருந்தனர். சீனமொழி பேசிய இளைஞர்கள் விரும்பிச் சென்று மலாய் பயின்ற காலம் அது. 1963இல் மலேசியா உருவாயிற்று. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. இதைக் கேட்டபின் மாணவர்கள் அதே படத்தை மீண்டும் பார்த்தார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் பயின்றுகொண்டே தேசிய மொழியையும் கற்கும் பிள்ளைகளுக்கு, புதிய நாடு ஒன்று மனிதனிடம் முதலில் கேட்கும் கேள்விகள் அவை என்பதை விளக்கத் தேவைப்படவில்லை.

தன் படைப்பைத் தானே பார்த்தல்

பிறர் ஓவியத்தைப் பார்க்கக் கற்றவன் தன் ஓவியத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டாமா? இதற்கு வழி தேடியோருள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் ஸீரோ' ஆய்வுக் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். 1980களின் நடுப்பகுதியில் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகளோடு இணைந்து 'ஆர்ட்ஸ் புரொபெல்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். படைத்தல், கூர்ந்து நோக்குதல், எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். சிறந்த படங்களை மட்டும் தொகுக்கும் கோப்புக்கு மாறாக, முதல் கிறுக்கல், கைவிட்ட முயற்சி, இடையில் எழுதிய குறிப்பு என அனைத்தையும் மாணவர் சேர்த்து வைத்தனர். முடிந்த படத்தை மட்டுமின்றி, அதற்கு வந்து சேர்ந்த வழியையும் அந்தக் கோப்பு காட்டியது.

நம் நாட்டில் 2011இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக்கான தரநிலைக் கலைத்திட்டத்திலும், காட்சிக் கலைக் கல்வியில் கலையைப் போற்றி நயத்தலுக்கு இடமுண்டு. ஆனால், வாரத்தில் கிடைக்கும் சிறிது நேரத்தில் வண்ணம் தீட்டி முடிப்பதே பெரும்பாடு. பேச நேரமேது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இறுதி ஐந்து மணித்துளி போதும் என்பது என் பட்டறிவு. பழைய பயிற்றுப் புத்தகம் ஒன்று போதும்; சிறப்புக் கோப்பும் தேவையில்லை.

அதில் எழுத என் மாணவர்களுக்கு இரண்டே கேள்விகள் தருகிறேன். சுவா மியா தீ வரைந்த கரும்பலகையிலிருந்து கடன் வாங்கிச் சற்றே மாற்றியவை:

உன் படத்தின் பெயர் என்ன?
நீ எங்கிருந்து பார்த்தாய்?

"அழகாக வரைந்திருக்கிறேன்", "எனக்கு வரைய வராது" என்றெல்லாம் முன்பு எழுதியவர்கள் இப்போது, "மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அதனால் பாட்டியின் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் வந்துவிட்டது," என்று எழுதுகிறார்கள். தன்னைப் புகழவும் இகழவும் செய்யாமல் தன் படைப்பைக் குறித்துப் பேசும் மொழி இது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது கைவருமானால், அதைவிட வேறென்ன வேண்டும்?

அன்று அந்தத் தைப்பூசப் படத்தைக் கையில் வாங்கியபோது இரண்டாவது கேள்வியை நான் கேட்டிருந்தால், "மேசைக்கு அடியிலிருந்து, ஐயா," என்று அவன் சொல்லியிருப்பான். நாற்பது புள்ளியைப் பின்னர் நான் திருத்தினேன். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவன் மற்றவர்களைப் போலவே காவடியும் கோபுரமும்தான் வரைந்தான். மேசைக்கு அடியிலிருந்து கண்ட உலகத்தை மறுபடி எனக்குக் காட்டவேயில்லை.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, சிவப்பு மையை எடுக்கும் முன் ஒருமுறை கேளுங்கள்: "நீ எங்கிருந்து பார்த்தாய்?"