சுடக் கூடாது என்று ஓர் உத்தரவு

1994, மார்ச் மாதம். இஸ்ரேலில் ஒரு விசாரணை கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. தலைவர், அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி மெயிர் ஷம்கர். ஹெப்ரான் நகரத்தில் எல்லைக் காவல் படைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் சாட்சி சொல்ல வருகிறார். அவர் சொன்னதைக் கேட்டு நாடே அதிர்ந்தது.

அப்படி என்ன சொன்னார்? யூதக் குடியேற்றவாசி ஒருவன் கண்ணெதிரே ஜனங்களைச் சுட்டுக்கொண்டிருந்தாலும் அவனைத் திருப்பிச் சுடக் கூடாது. ஓரமாக மறைந்துகொள்ள வேண்டும். அவனுடைய துப்பாக்கியில் குண்டு தீர்ந்தபிறகு, அல்லது துப்பாக்கி மக்கர் பண்ணியபிறகு, மடக்கிப் பிடிக்க வேண்டும். இதுதான் எங்களுக்கு இருந்த உத்தரவு.

நம்ப முடியவில்லை அல்லவா? படுகொலை நடக்கிற நேரத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று மேலதிகாரிகள் பிறகு விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் களத்தில் நிற்கிற அதிகாரி அதை எப்படிப் புரிந்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

இந்த விசாரணை எதற்காக? ஒரு மாதம்கூட ஆகாத ஒரு விடிகாலைக்காக.

பிப்ரவரி 25. வெள்ளிக்கிழமை. ரமலான் மாதம். ஹெப்ரானின் இப்ராஹிமி மசூதியில் நூற்றுக்கணக்கானோர் தொழுதுகொண்டிருந்தார்கள். முஸ்லிம்களுக்கு இப்ராஹிம், யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆபிரகாம். அந்த ஆதிப் பெரியவரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது என்பது எல்லாருடைய நம்பிக்கையும். அதனால் யூதர்களுக்கும் அது புனித இடம். வாசலில் எப்போதும் இஸ்ரேலிய ராணுவக் காவல் உண்டு.

ராணுவ யூனிபாரம், கையில் தானியங்கித் துப்பாக்கியுடன் ஒருவன் உள்ளே போனான். பெயர் பாரூக் கோல்ட்ஸ்டெய்ன். அமெரிக்காவில் பிறந்தவன். டாக்டர். பக்கத்துக் குடியேற்றமான கிர்யத் அர்பாவில் வசிப்பவன். ரிசர்வ் படையில் கேப்டன். யாரும் தடுக்கவில்லை. துப்பாக்கியோடு திரியும் குடியேற்றவாசி அங்கே அன்றாடக் காட்சி.

தொழுகையில் குனிந்திருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று நூறு குண்டுகளுக்குமேல் சுட்டான். 29 பேர் இறந்தார்கள். நூறு பேருக்குமேல் காயம். தப்பியவர்கள் அவன்மேல் பாய்ந்து, அங்கேயே அடித்துக் கொன்றார்கள்.

அதாவது, அவனைத் தடுத்தது காவலுக்கு இருந்த ராணுவம் அல்ல. தொழுகைக்கு வந்தவர்கள்.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இல்லாவிட்டால் அந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று புரியாது.

ஹெப்ரானில் காலங்காலமாக யூதர்களும் இருந்தார்கள். 1929ல் நடந்த கலவரத்தில் அரபுக் கும்பல் 67 யூதர்களைக் கொன்றது. அதே ஊரில் பல அரபுக் குடும்பங்கள் யூதர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் நடந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதற்குப்பிறகு சில வருடங்களில் ஊரில் யூதர்கள் இல்லாமல் போனார்கள்.

1967 ஜூன் யுத்தத்தில் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேல் வசம் வந்தது. மறுவருடம் பாஸ்கா பண்டிகை சமயத்தில், மோஷே லெவிங்கர் என்கிற யூத குரு ஒரு சிறு கூட்டத்தோடு ஹெப்ரானில் ஒரு ஹோட்டலில் தங்க வந்தார். பண்டிகை முடிந்தது. கூட்டம் கிளம்பவில்லை. அரசாங்கம் துரத்தியதா? இல்லை. ராணுவ முகாமுக்குள் இடம் கொடுத்தது. பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே கிர்யத் அர்பா என்று ஒரு புதுக் குடியிருப்பையே கட்டிக் கொடுத்தது. 1979ல் ஊருக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்தார்கள்.

வந்தவர்கள் சில நூறு பேர். சுற்றிலும் லட்சத்துக்குமேல் பாலஸ்தீனியர்கள். காவலுக்கு ராணுவம். அந்த ராணுவத்தின் வேலை ஊரைக் காப்பதா, வந்தவர்களைக் காப்பதா? எழுதிவைத்த சட்டம் முதலாவதைச் சொல்கிறது. தினசரி நடைமுறை இரண்டாவதைச் சொன்னது.

வேடிக்கை என்னவென்றால், இது இஸ்ரேல் அரசாங்கத்துக்கே நன்றாகத் தெரியும். குடியேற்றவாசிகள்மீதான புகார்கள் என்ன ஆகின்றன என்று பார்க்க, துணை அட்டர்னி ஜெனரல் யூதித் கார்ப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1982ல் அந்த அம்மையார் அறிக்கை கொடுத்தார். ஆராய்ந்தது 70 புகார்கள். பெரும்பாலானவை எந்த நடவடிக்கையும் இல்லாமல் மூடப்பட்டிருந்தன. அறிக்கை வெளியே வந்தது 1984ல். அதற்குள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் பொறுப்பிலிருந்தே விலகிவிட்டார்.

நடுவில் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? 1980 மே மாதம் ஹெப்ரானில் ஆறு யூதர்களைப் பாலஸ்தீனியர்கள் சுட்டுக் கொன்றார்கள். பழிக்குப் பழியாக ஜூனில் பாலஸ்தீன மேயர்களின் கார்களில் குண்டு. நாப்ளஸ் மேயர் பஸ்ஸாம் ஷக்காவுக்கு இரண்டு கால்களும் போயின. 1983ல் ஹெப்ரான் இஸ்லாமியக் கல்லூரிக்குள் புகுந்து மூன்று மாணவர்களைக் கொன்றார்கள். செய்தது குடியேற்றவாசிகளின் ரகசிய இயக்கம். மாட்டினார்கள், உண்மை. மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. தண்டனையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1990 முடிவதற்குள் அந்த மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

நம்ம லெவிங்கர் கதை இன்னும் சுருக்கம். 1988ல் ஹெப்ரானில் அவர் காரின்மீது கல் விழுந்தது. இறங்கித் துப்பாக்கியால் சுட்டார். தன் செருப்புக்கடை வாசலில் நின்றிருந்த ஒரு வியாபாரி செத்துப்போனார். கவனக்குறைவால் மரணம் என்று தீர்ப்பு. ஐந்து மாதம் சிறை. அதிலும் மூன்று மாதம்போலத்தான் உள்ளே இருந்தார்.

ஓர் உயிருக்கு என்ன விலை என்று ஊர் கணக்குப் போட்டுக்கொள்ளாதா?

மசூதிப் படுகொலைக்குப்பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கோல்ட்ஸ்டெய்ன் சார்ந்திருந்த கட்சியை இஸ்ரேல் அரசு தடை செய்தது. ஹெப்ரானிலிருந்து குடியேற்றவாசிகளை வெளியேற்றிவிடலாமா என்று பிரதமர் ராபின் யோசித்தார். செய்யவில்லை. ஊரடங்கு போட்டார்கள். யாருக்கு? பாலஸ்தீனியர்களுக்கு. வாரக்கணக்கில் அவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, குடியேற்றவாசிகள் தெருவில் நடமாடினார்கள். மசூதியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கு யூதர்களுக்கு. நகரின் முக்கியக் கடைவீதியான ஷுஹதா தெருவில் பாலஸ்தீன வண்டிகளுக்குத் தடை. 2000க்குப் பிறகு, அந்தத் தெருவின் பெரும்பகுதியில் அவர்கள் நடக்கவும் தடை. கடைகள் பூட்டின பூட்டுதான். சுட்டவன் ஒருவன், சுடப்பட்டவர்கள் தெருவைப் பறிகொடுத்தார்கள்.

நாற்பது நாள் கழித்து அஃபூலா நகரில் ஹமாஸ் வைத்த குண்டில் எட்டு இஸ்ரேலியர்கள் இறந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த சாதாரண ஜனங்கள். எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாத கொலை. ஆனால் தண்டனை கொடுக்கவேண்டிய கோர்ட்டும் தடுக்கவேண்டிய ராணுவமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், பழிதீர்க்கிற வேலையை வெடிகுண்டுக்காரன் எடுத்துக்கொள்வான். அதைத்தான் அங்கே பார்த்தோம்.

ஷம்கர் கமிஷன் என்ன சொன்னது? கோல்ட்ஸ்டெய்ன் தனி ஆளாகச் செய்தான், இப்படி நடக்கும் என்று யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. கூடவே, குடியேற்றவாசிகள் விஷயத்தில் சட்டம் சரியாக அமலாகவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. மேற்குக் கரைக்கென்று தனியாக ஒரு போலீஸ் மாவட்டம் உருவானது.

சரி, மாறியதா?

2006ல் இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. குடியேற்றவாசிகள் தாக்குகிறார்கள் என்று பாலஸ்தீன விவசாயிகள் புகார் சொன்னால், ராணுவம் என்ன செய்தது தெரியுமா? விவசாயிகள் தங்கள் வயலுக்கே போகக்கூடாது என்று தடை போட்டது. கேட்டால், உங்கள் பாதுகாப்புக்காகத்தான்! வீட்டுக்குள் திருடன் காத்திருக்கிறான் என்பதற்காக, வீட்டுக்காரனைத் தன் வீட்டுக்குள் போகாதே என்று சொல்வதுபோல இருக்கிறது என்று நீதிபதி டோரித் பெய்னிஷ் குட்டினார். விவசாயியைக் காப்பதும் அத்துமீறுகிறவனைப் பிடிப்பதும் ராணுவத்தின் கடமை என்று தீர்ப்பு. அருமையான தீர்ப்பு. காகிதத்தில்.

ஏனென்றால், 2005லிருந்து இந்தப் புகார்களைப் பின்தொடர்ந்து வரும் 'யெஷ் தின்' என்கிற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் கணக்குப்படி, சுமார் 94 சதவீத விசாரணைகள் குற்றப்பத்திரிகையே இல்லாமல் மூடப்பட்டிருக்கின்றன. தண்டனையில் முடிந்தவை மூன்று சதவீதம் அளவுக்குத்தான். கார்ப் அம்மையார் எண்ணிப் பார்த்த அதே கணக்கு, இன்னும் மோசமாக.

ராணுவத்துக்குள்ளேயே விசாரணை நடந்தால்? அதையும் ஹெப்ரானே காட்டிக்கொடுத்தது. 2016 மார்ச் மாதம். ஒரு ராணுவ வீரரைக் கத்தியால் குத்திய பாலஸ்தீன இளைஞன் குண்டடிபட்டுத் தரையில் அசையாமல் கிடக்கிறான். ராணுவ மருத்துவ உதவியாளர் எலோர் அஸாரியா வந்தார். சிகிச்சை கொடுக்கவேண்டியவர், தலையில் சுட்டார். அக்கம்பக்கத்தில் ஒருவர் வீடியோ எடுத்திருந்ததால்தான் வெளியே தெரிந்தது. ராணுவ கோர்ட் 18 மாதம் தண்டனை கொடுத்தது. தளபதி அதை 14 ஆகக் குறைத்தார். ஒன்பது மாதத்தில் ஆள் வெளியே.

ஹெப்ரானின் கதை ஹெப்ரானோடு நின்றுவிடவில்லை. 2023 பிப்ரவரியில் நாப்ளஸ் பக்கத்தில் குடியேற்றத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று ராத்திரியே நூற்றுக்கணக்கான குடியேற்றவாசிகள் ஹுவாரா ஊருக்குள் புகுந்து வீடுகளையும் கார்களையும் கொளுத்தினார்கள். சுற்றிலும் ராணுவம் இருக்கத்தான் இருந்தது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், குடியேற்ற வன்முறையை இஸ்ரேல் தடுப்பதுமில்லை, முறையாகத் தண்டிப்பதுமில்லை என்று தன் கருத்துரையில் பதிவு செய்தது.

கடைசியாக ஒரு விஷயம். கிர்யத் அர்பாவில் ஒரு வக்கீல் தன் வீட்டு வரவேற்பறையில் கோல்ட்ஸ்டெய்னின் படத்தைப் பல வருடம் மாட்டிவைத்திருந்தார். இனவெறியைத் தூண்டியதற்காக 2007ல் தண்டனையும் பெற்றவர். பெயர் இதமார் பென் குவிர். 2022 டிசம்பர் இறுதியில் அவர் இஸ்ரேலின் தேசியப் பாதுகாப்பு மந்திரியானார். போலீஸ் இலாகா அவர் கைக்கு வந்தது. 29 பேர் செத்தபிறகு, இனி இப்படி நடக்கக்கூடாது என்று மேற்குக் கரைக்காக உருவாக்கினார்களே, அந்த போலீஸ் மாவட்டமும் சேர்த்துத்தான்.