ஆணி ஓட்டையும் பத்து மாத அட்வான்சும்

சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் ஒரு வார்த்தையைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." வீடு பார்க்கப் போகும் அன்று சிரித்துக்கொண்டே சொல்லப்படும் இந்த வார்த்தை, காலி செய்யும் அன்று கணக்காக வந்து நிற்கும். ஆணி ஓட்டைக்கு இவ்வளவு, விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கு இவ்வளவு, பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை. கழித்தது போக மீதிதான் கைக்கு வரும். எதையும் யாரும் வேண்டுமென்று உடைத்திருக்க மாட்டார்கள். கை தவறி விழுந்த அம்மிக் குழவி ஒரு டைல்ஸைப் பெயர்த்திருக்கும், அவ்வளவுதான். இந்த மாதிரி சேதத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற சண்டைக்கு எழுநூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது.

இந்தியச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருப்பதால் கதையை அங்கிருந்து தொடங்க வேண்டும். குத்தகைக்கு எடுத்தவர் இடத்தைப் பாழாக்கக் கூடாது என்று 1267-ல் மார்ல்பரோ சட்டம் சொன்னது. 1278-ல் வந்த குளஸ்டர் சட்டம் இன்னும் கடுமை. பாழாக்கியவர் அந்த இடத்தை இழப்பதோடு, சேதத்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு விஷயம். வழக்குப் போட வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். சேதம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவரும் அவரே. தீர்ப்பு வரும் வரை பணம் குத்தகைதாரரின் பெட்டியில்தான் இருந்தது.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1882-ல் கொண்டுவரப்பட்ட சொத்துரிமை மாற்றுச் சட்டமும் இதே வழியில்தான் போனது. அதன் 108-வது பிரிவு இன்றைக்கும் படிக்க வேண்டிய ஒன்று. வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அதே நல்ல நிலையில் குடியிருந்தவர் திருப்பித் தர வேண்டும். இதற்கு விலக்கு இரண்டே இரண்டு. ஒன்று, நியாயமான புழக்கத்தால் வரும் தேய்மானம். இன்னொன்று, யாராலும் தடுக்க முடியாத சக்தியால் வரும் சேதம். அதாவது சுவர் மங்கினால் குற்றமில்லை, பெருவெள்ளம் வந்து கதவைக் கொண்டுபோனாலும் குற்றமில்லை. குழவி விழுந்து உடைந்த டைல்ஸ் இந்த இரண்டிலும் சேராது!

அதற்கும் அந்தச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. குடியிருப்பவரின் செயலாலோ தவறாலோ பழுது வந்தால், வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குடியிருப்பவர் அதைச் சரி செய்ய வேண்டும். தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, ஆன செலவோடு முடித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டைக்கு விலை வைக்கும் வேலையே வீட்டுக்காரருக்கு இல்லை. ஆனால், ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறு மாதிரி இருந்தால் இந்த விதி பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பின்னால் அட்வான்ஸ் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்து சட்டங்கள். 1960-ம் வருடச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஆமாம், ஒரே ஒரு மாதம்! அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் எழுதப்படாத விதியாகிவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்கும் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அந்தப் பயத்துக்குக் கையில் பிடித்து வைத்த பணம்தான் மருந்து. 1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு மேல் வாங்கிய அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை பாக்கி என்று காலி செய்யச் சொல்ல முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு வாடகை பாக்கிக்குக் கை கொடுத்தது. வாஷ்பேசின் விரிசலுக்கு இல்லை.

இந்த அட்வான்ஸ்தான் பழைய ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. பணம் இடம் மாறியதும் நீதிமன்றப் படி ஏற வேண்டிய ஆளும் மாறினார். முன்பு சேதத்தைக் காட்டி வீட்டுக்காரர் கேட்க வேண்டும். இப்போது சேதம் இல்லை என்றோ, அது அவ்வளவு பெறாது என்றோ குடியிருந்தவர் நிரூபிக்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்காக யார் வக்கீல் வைப்பார்கள்? சட்டத்துக்கு மேல் வாங்கிய தொகைக்கு ஒழுங்கான ரசீதை எதிர்பார்ப்பதும் கஷ்டம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட இந்தப் பணத்தையே நம்பியிருப்பவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு என்ன செய்வார்?

இதே தொல்லை இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே 2004-ம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின்படி 2007 ஏப்ரல் 6 முதல், பொதுவான வாடகை ஒப்பந்தங்களுக்கு வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைக்க வேண்டும். தகராறு வந்தால் நடுவர் தீர்த்து வைப்பார், இதற்குக் கட்டணம் கிடையாது. கழிக்க நினைக்கும் வீட்டுக்காரர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். பல வருடம் மிதிபட்ட கம்பளத்தில் கறை விழுந்ததற்குப் புதுக் கம்பளத்தின் முழு விலையையும் கேட்க முடியாது, அதன் வயதுக்கும் ஒரு கழிவு உண்டு. நிரூபிக்கும் சுமை 1278-ல் யார் தோளில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960 சட்டத்தை முடித்து வைத்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஒரு வால் சேர்த்துவிட்டார்கள். பத்து மாதம் கேட்பவருக்கு அந்த வால் போதும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். கழிப்பவர் பழையபடி வீட்டுக்காரர்தான், பணமும் அவரிடமேதான்.

இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை வீடு மாறுகிறவர்கள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, வாஷ்பேசின் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பக்கம். ஆணி ஓட்டை என்று தனியாக ஒரு வரி இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பக்கம். ஆனால், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்ற வரி இன்றும் பல ஒப்பந்தங்களில் அப்படியே இருக்கிறது.