அடிவயிற்று அறுவையின் வரலாறு

மகப்பேற்றின் பின்னரும், பெருத்த உடல் மெலிந்த பின்னரும் அடிவயிற்றுத் தோல் தளர்ந்து மடிந்து தொங்குதல் உண்டு. அதனடியில் உள்ள தசைகளும் நடுவில் விலகி நிற்கக்கூடும். மிகத் தளர்ந்த தோலைப் பட்டினியோ பயிற்சியோ மீண்டும் இறுக்குவதில்லை. அதனைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சை இன்று நாம் வாழும் பெருநகரங்கள் பலவற்றிலும் கிடைக்கிறது. அது வளர்ந்த வரலாற்றை அறிந்தால், அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பது தானே விளங்கும்.

இவ்வறுவை அழகு வேண்டிப் பிறந்ததன்று. சுமை நீக்கப் பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெண்நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, 1899-ஆம் ஆண்டில் ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ ஏழரைக் கிலோ எடையுள்ள தோலையும் கொழுப்பையும் அகற்றியதை எழுதி வெளியிட்டார். நடப்பதற்கும் இருப்பதற்கும் தடையாயிருந்த பாரம் நீங்கினாற் போதும் என்பதே அந்நாளைய நோக்கம். தழும்பைப் பற்றிய கவலை அதன் பின்னரே எழுந்தது.

தோலைக் கீழே இழுத்துத் தைக்கும்போது தொப்புளும் இடம் பெயர்ந்துவிடும். அதனை உரிய இடத்தில் நிலைநிறுத்தும் முறையை வெர்னன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1957-இல் விளக்கினார். பத்தாண்டு கழித்து, 1967-இல், பிரேசில் நாட்டு இவோ பிடாங்கி தாம் தொடர்ந்து செய்த 300 அறுவைகளின் அனுபவத்தை வெளியிட்டார். உள்ளாடை மறைக்கும் அளவிற்கு வெட்டைத் தாழ்த்தியதும், விலகிய தசைகளைத் தையலால் நெருக்கியதும் அவர் முறையின் சிறப்பு. 1977-இல் பிரான்சில் இல்லூஸ் என்பவர் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சும் முறையைத் தொடங்கினார். தொப்புளுக்குக் கீழ் மட்டுமே தளர்ச்சி உள்ளவர்க்கு, சிறு வெட்டோடு முடியும் அறுவையும் இன்று செய்யப்படுகிறது.

இவ்வரலாறு முழுவதிலும் மாறாத உண்மை ஒன்று உண்டு: தழும்பு இடம் மாறிற்று, மறைந்ததில்லை. தளர்ச்சியைக் கொடுத்துத் தழும்பைப் பெறும் பண்டமாற்றே இவ்வறுவை. அத்தழும்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகும். இஃது உடல் மெலிவிக்கும் வழியுமன்று; எடை நிலைபெற்ற பின்னரே செய்துகொள்ளத் தக்கது. மீண்டும் கருவுற்றால் வயிறு மறுபடி தளரும். ஆதலின் மகப்பேறு முடிந்தபின் செய்துகொள்ளுதல் நலம்.

முழு அறுவையாயின், முதற் சில நாட்கள் நிமிர்ந்து நடக்க இயலாது. நீர் வடியக் குழாய் வைத்திருப்பர். வயிற்றைச் சுற்றி இறுக்குப் பட்டை அணிய வேண்டும். அடிவயிறு பல மாதம் மரத்திருக்கலாம். ஆறு வாரம் பளு தூக்கலாகாது, குழந்தையையும் தூக்கலாகாது. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்வது அரிதாயினும் உயிருக்கே தீங்கானது. எனவே மெல்ல எழுந்து நடத்தல் இன்றியமையாதது. புகைப்பழக்கம் உடையவர் பல வாரம் முன்னரே அதனை விட்டொழிக்க வேண்டும். இல்லையேல் தையல் ஆறாது தோல் கருகக்கூடும்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். தாயும் தமக்கையும் அருகில் இல்லாத வீட்டில், அந்த ஆறு வாரமும் அடுப்பையும் குழந்தைகளையும் பார்ப்பவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும். இசைவுப் பத்திரத்தை நமக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும். மருத்துவர் ஒட்டறுவைத் துறையில் உயர்பட்டம் பெற்றவரா என வினவுவதும் மரியாதைக் குறைவன்று.

பிள்ளை சுமந்த வயிறு தளர்வது குற்றமுமன்று, நோயுமன்று. அதனைச் சீராக்க விரும்புவதும் குற்றமன்று. பிறர் ஏளனத்திற்கு அஞ்சிச் செய்யாது, பெறுவதையும் கொடுப்பதையும் எடைபோட்டுத் தாமே துணிதல்தான் வேண்டுவது.