கொக்கெயினும் மறக்காத மூளையும்

1884 யூலையில் வியன்னாவில் ஓர் இளம் வைத்தியர் கொக்கெயினைப் புகழ்ந்து நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். வயது 28, பெயர் சிக்மண்ட் பிராய்ட். களைப்பும் மனச்சோர்வும் போகும், மோர்பின் பழக்கத்தைக்கூட இதால் நிறுத்தலாம் என்று அவர் நம்பினார். மோர்பினுக்கு அடிமையாகியிருந்த தன்னுடைய நண்பர் ஏர்ன்ஸ்ட் வொன் பிளைஷ்லுக்கும் அதையே சிபாரிசு செய்தார். நண்பர் மோர்பினை விடவில்லை, கொக்கெயினும் சேர்ந்துகொண்டது. 1891 இல் அவர் இறந்துபோனார்.

அடுத்த முப்பது வருடங்களில் மருந்து என்ற பெயர் மாறி, கொக்கெயின் ஆபத்தான பொருளானது. அமெரிக்கா 1914 இல் ஹரிசன் சட்டத்தால் அதைக் கட்டுப்படுத்தியது. கூடவே, பாவிப்பவர் மனவலிமை இல்லாதவர், ஒழுக்கம் கெட்டவர் என்ற தீர்ப்பும் நிலைத்துவிட்டது. விட்ட பிறகும் ஏன் திரும்பப் போகிறார்கள் என்ற கேள்விக்கு, அந்தத் தீர்ப்பே பதிலாகவும் இருந்தது.

வேறு பதில் தேட அந்தக் காலத்தில் வழியும் இருக்கவில்லை. பிராய்ட் அந்தக் கட்டுரையை எழுதும்போது ‘சினாப்ஸ்’ என்ற சொல்லே பிறக்கவில்லை. இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் 1897 இல்தான் வந்தது. நினைவு எங்கே உருவாகிறது என்பதற்கு 1957 இல் ஒரு பெரிய தடயம் கிடைத்தது. வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகம்பஸ் பகுதி அகற்றப்பட்ட ஒருவரால், புதிய சம்பவங்களை ஞாபகத்தில் வைத்திருக்க முடியவில்லை என்று ஸ்கோவிலும் மில்னரும் எழுதினார்கள். 1973 இல் பிளிஸும் லோமோவும் முயலின் ஹிப்போகம்பசில் இன்னொன்றைக் காட்டினார்கள்: வேகமாகத் தூண்டப்பட்ட இணைப்புகள் பலமடைந்து, மணித்தியாலக்கணக்கில் அப்படியே இருந்தன. மூளை படிப்பது இப்படித்தானோ என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது.

கொக்கெயின் செய்வதும் இதோடு தொடர்புடையதுதான். டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. அதனால் ‘இது முக்கியம், மறக்காதே’ என்ற சைகை அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஒரேயொரு ஊசி போட்ட சுண்டெலிகளில், டோபமைன் சுரக்கும் கலங்களின் இணைப்புகள் ஐந்து நாளுக்குப் பிறகும் பலமாகவே இருந்தன என்று 2001 இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த வருடம் வந்த ஆய்வொன்றில், கொக்கெயின் கொடுத்த எலிகளின் ஹிப்போகம்பசிலும் இணைப்புகள் வழமையைவிடக் கூடுதலாகப் பலப்பட்டன.

எங்களை யோசிக்க வைத்தது 2001 இல் வந்த மற்றொரு பரிசோதனை. நெம்பை அழுத்திக் கொக்கெயின் எடுக்கப் பழகிய எலிகள், அது கிடைக்காமல் போனபின் அழுத்துவதைக் கைவிட்டிருந்தன. ஆய்வாளர்கள் ஹிப்போகம்பஸ் பக்கம் மின்சாரத்தால் தூண்டினார்கள். கொக்கெயின் துளியும் கொடுக்கவில்லை. ஆனால் எலிகள் திரும்பவும் நெம்பைத் தேடிப் போயின.

எலி மனிதன் இல்லை, சரிதான். ஆனாலும் பழைய சந்தி, பழைய கூட்டாளி, பழைய அறை என்று ஏதோவொன்றைக் கண்டதும் ஆசை கிளம்புவதை, விட்டவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ‘மனம் வைச்சா விடலாம், இவன் திருந்தமாட்டான்’ என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பிலிருந்து போதை இறங்க நாட்கள் போதும். மூளை படித்தது அவ்வளவு கெதியில் போகாது. அதனால், புனர்வாழ்வு முடித்து வருபவரை அதே சந்திக்கே அனுப்பிவிட்டு, பிறகு அவரில் மட்டும் குற்றம் சொல்வது நியாயமா என்று நாங்கள் கேட்கவேண்டியிருக்கிறது.