வீக்கமும் புற்றும்

முதுமையில் ஆடவர் பலரை வருத்துவது புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். சிறுநீர்ப்பையின் வாயிலில் நீர்க்குழாயைச் சூழ்ந்துள்ள இச்சுரப்பி பருத்தால், நீர் தடைப்படும்; இரவில் பன்முறை எழ நேரும். இவ்வீக்கமே நாளடைவில் புற்றாக மாறுமோ என அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் பொருந்துமா?

1853-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஆடம்ஸ், நுண்பெருக்கியின் துணைகொண்டு இச்சுரப்பியின் புற்றை உறுதிசெய்தார்; அதனை மிக அரிய நோய் என்றும் குறித்தார். வீக்கமும் புற்றும் ஒரே அறிகுறி காட்டியமையால் ஒன்றினுள் மற்றொன்று மறைந்திருந்தது. 1904-இல் பால்டிமோர் நகரில் ஹியூ யங் என்பார், புற்றுக்காகச் சுரப்பி முழுவதையும் அறுத்தகற்றினார்.

தெளிவு பிறந்தது பின்னர்தான். 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்க அறிஞர் ஜான் மக்நீல் சுரப்பியைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார். வீக்கம் நீர்க்குழாயை ஒட்டிய உட்பகுதியில் எழுவது. புற்றில் நூற்றுக்கு 70 பங்கு புறப்பகுதியில் தோன்றுவது. ஆகவே வீக்கம் புற்றின் முன்படி அன்று.

எனினும் இரண்டும் முதுமையில் வருவன. இரண்டிற்கும் ஆண் இயக்குநீர் வேண்டும். எனவே ஒருவரிடமே இரண்டும் இருத்தல் கூடும். வீங்கிய உட்பகுதியை மட்டும் அறுத்தெடுத்தோர்க்கும் புறப்பகுதி எஞ்சியிருக்கும். அங்குப் புற்று வரலாம். பி.எஸ்.ஏ. என்னும் குருதிப்புரதமோ இரண்டிலும் உயர்வது.

வீக்கமுற்றோர் மருத்துவரை அடிக்கடி காண்பதால், அவர்களிடம் புற்றும் மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. அதுகொண்டு ஒன்றை மற்றொன்றின் தாய் எனல் தவறு. வீக்கந்தானே எனச் சோதனையைத் தள்ளிப்போடுதல் அதனினும் பெருந்தவறு.