காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு சாடி பீர்

பெரும்பாணாற்றுப்படையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதில் நினைவிருப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாடப்பட்டவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். (இரண்டு மார்க் கேள்வி!) பரிசு வாங்கித் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்வதுதான் பாட்டு. வழி என்றால் வெறும் வழி இல்லை. எந்த ஊரில் யார் இருப்பார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள் என்று வழிநெடுக விருந்துப் பட்டியல் வரும்.

அதில் வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில் ஒரு செய்முறை இருக்கிறது. குத்தாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அதை வாயகன்ற தட்டில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். முளைகட்டிய நெல்லை இடித்து அதில் கலக்குகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. சாடியில் நன்றாக விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள்.

முளைகட்டிய தானியத்தை அரைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதை நுரைக்க வைத்தால் கிடைப்பதற்குப் பெயர் என்ன? பீர்! பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவுதான் வித்தியாசம். பனைமரத்தில் இறக்கும் கள்ளும் இதுவும் ஒன்றல்ல. கள்ளில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, இங்கே மனிதன் அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் செய்முறையில் 'ஆற வைத்து' என்பது சும்மா வந்த சொல் இல்லை. முளைத்த நெல்லில் இருக்கும் நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும், கொதிக்கிற கூழில் போட்டால் செத்துவிடும். அடுத்து வரும் ஈஸ்ட் இன்னும் நோஞ்சான், 40 டிகிரியைத் தாண்டினாலே திணறும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அகன்ற தட்டும் ஆள்காட்டி விரலும்தான் கருவி. 'இரண்டு பகல், இரண்டு இரவு' என்பதும் அப்படியே. காஞ்சிப் பக்கத்து வெயிலில் ஈஸ்ட் வெறிபிடித்தது போல வேலை செய்யும். சீக்கிரம் முடித்துவிடும், சீக்கிரமே புளித்தும் போகும். சூட்டைக் குறைக்க வழியில்லாதவர்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதநீர் இறக்குபவர்கள் கண்ட வழி வேறு. பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் நுரைப்பதே நின்றுவிடும்.

ஐரோப்பாக்காரனுக்கும் இதே தலைவலி இருந்தது. 1553-இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஒரு சட்டம் போட்டார். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம், கோடையில் கூடாது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகிறது என்ற அனுபவம்தான் காரணம். சூட்டைக் கட்டுப்படுத்தக் காலண்டரைப் பிடித்தார்கள்!

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது அந்தக் காலண்டர் உதவவில்லை. ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் சென்னைப் பட்டணத்தில் எந்த மாதத்தில் காய்ச்சுவது? முதலில் லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பிறகு மலை ஏறினார்கள். 1850-களில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் எட்வர்ட் டையரின் ஆலை, 1860-இல் மரீ மலையில் இன்னொன்று. நம் பக்கம் நீலகிரியில் அருவங்காட்டில் காசில் புரூவரி. ஒரே ராஜதானிதான், ஆனால் பீர் காய்ச்ச ஊட்டிப் பக்கம் போக வேண்டும், குடிக்கச் சமவெளிக்கு இறக்க வேண்டும். மலைதான் அவர்களுடைய ஃபிரிட்ஜ். குளிரவைத்துக் குடிக்க ஆசைப்பட்டவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து வந்தது. அதை வைக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் தெர்மாமீட்டர் மெதுவாகப் பீர் ஆலைக்குள் நுழைந்திருந்தது. மைக்கேல் கோம்ப்ரூன் என்ற காய்ச்சுநர் அதை வைத்துக் காய்ச்சுவது பற்றி 1758-இலும் 1762-இலும் புத்தகங்கள் எழுதினார். பழைய ஆட்கள் சிரித்தார்கள். ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் தன் தெர்மாமீட்டரை அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துப் பயன்படுத்தினாராம். பெரியவர்களுக்குக் கையும் கண்ணும் போதும், கண்ணாடிக்குழாய் எதற்கு? ஆனால் அந்தத் தொழில் எவ்வளவு நுட்பமான அளவீட்டைப் பழக்கியது என்பதற்கு ஜேம்ஸ் ஜூல் சாட்சி. இயற்பியல் பாடத்தில் ஆற்றலின் அலகாக வரும் அதே ஜூல்தான். சால்ஃபோர்டில் அவர் குடும்பத்துக்குச் சொந்தமாகப் பீர் ஆலை இருந்தது.

அளப்பது வேறு, கட்டுப்படுத்துவது வேறு. குளிரை உண்டாக்கும் இயந்திரத்தை 1870-களில் கார்ல் லிண்டே செய்தார். அதைச் சோதித்துப் பார்க்க இடமும் பணமும் தந்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலை. ஆக, இன்று நம் வீட்டு ஃபிரிட்ஜின் கதையில் பீருக்கும் ஒரு பங்கு உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற கல்லூரி ஆசிரியர் மின்சார தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வகுப்பு நடக்கும்போது காவலாளி அடிக்கடி உள்ளே வந்து சூடு பார்த்துப் போனது அவருக்குப் பிடிக்கவில்லையாம். அவர் கம்பெனி வளர்ந்த மில்வாக்கி, பீருக்குப் பேர்போன ஊர். ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற அந்தக் கம்பெனியின் ஏ419 என்ற பெட்டியை, நூறாண்டு கழித்து, வீட்டிலேயே பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச 1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழி திறந்தது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, அதன் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கண்ட்ரோலர். பின்னால் வந்த மலிவான சீனப் பெட்டியான எஸ்டிசி-1000-இல் அமைக்க வேண்டியவை நான்கே நான்கு. எஃப்1 என்பது வேண்டிய வெப்பநிலை. ஏல் வகை என்றால் 18 முதல் 20 டிகிரி, லாகர் என்றால் 10-ஐ ஒட்டி. எஃப்2 என்பது எத்தனை டிகிரி விலகினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது. இதை அரை டிகிரி என்று வைத்தால் 19-க்கு அமைத்த பெட்டி 19.5-இல் குளிரூட்டும், 18.5-இல் சூடேற்றும், நடுவில் சும்மா இருக்கும். இந்த இடைவெளியை மிகக் குறைத்தால் ஃபிரிட்ஜும் ஹீட்டரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எஃப்3 என்பது காத்திருக்கும் நிமிடம். கம்ப்ரெஸர் நின்றவுடனே மறுபடி ஓடினால் மோட்டார் கெட்டுவிடும், அதனால் மூன்று நிமிடமாவது ஓய்வு. எஃப்4 சென்சாரின் பிழையைத் திருத்த. அரைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சாரை முக்கினால் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தை இங்கே போட வேண்டும்.

ஆனால் எண்களை விட முக்கியம் சென்சார் எங்கே இருக்கிறது என்பது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டை உண்டாக்கும், சாடியின் உள்ளே வெளிக்காற்றை விடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஃபிரிட்ஜின் காற்றில் தொங்கவிட்டால் கண்ட்ரோலர் காற்றைத்தான் காப்பாற்றும், பீரை அல்ல. சாடியின் பக்கவாட்டில் ஒட்டி மேலே பஞ்சோ துணியோ சுற்றிவிட வேண்டும்.

ஒரே வெப்பநிலை போதாது என்று நினைத்தவர்கள் பெட்டிக்குள் இருந்த மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். பத்து நாள் 11 டிகிரி, பிறகு இரண்டு நாள் 17, அதன் பிறகு மெல்ல மெல்ல இறங்கி 2 என்று வரிசையாக எழுதிவிட்டால் பெட்டி தானே நடத்தும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோர்த்துத் தொங்கவிட்டால், எந்த இழை எப்போது தூக்கும் என்பதை அட்டை பார்த்துக்கொள்கிறது. துளைக்குப் பதில் டிகிரி.

சரி, இளந்திரையன் ஊரில் இப்போது ஒரு சாடி வைக்கலாமா? முடியாது. 1937-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், பல மாற்றங்களோடு, இன்றும் இருக்கிறது. டாஸ்மாக் கடையில் பீர் வாங்கலாம், உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் குற்றம். 1987 முதல் கள்ளும் கிடையாது. வலைஞர் குடியிருப்பில் விருந்தாளிக்குக் கொடுத்ததை இன்று கொடுத்தால் போலீஸ் வரும். அந்தச் செய்முறை ஒரு பாட்டில் பத்திரமாக இருக்கிறது, எந்த வீட்டிலும் இல்லை.

நுரைக்க வைக்கும் கலை மட்டும் காஞ்சியை விட்டுப் போகவில்லை. வரதராஜப் பெருமாள் கோவிலில் படைக்கும் குடலை இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுகிறார்கள். பிறகு மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேக வைக்கிறார்கள். மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் அல்ல, லூக்கனாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று 1965-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்குப் பிடித்தது நம் ஊர் இரவின் சூடுதான். மலையும் வேண்டாம், பாஸ்டன் ஐஸும் வேண்டாம்.

சிக்கல் வருவது டொரண்டோவில். பனிக்காலத்தில் அங்கே மாவு இரண்டு நாள் வைத்தாலும் அசையாது. தமிழ் வீடுகளில் அவனுக்குள் பாத்திரத்தை வைத்து விளக்கை மட்டும் எரிய விடுவார்கள். விளக்கு அதிகச் சூடானால் ஒரு மணி நேரம் அணைத்து, மறுபடி போடுவார்கள். அந்த வேலையையும் எஸ்டிசி-1000 செய்யும். ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் மாவும் ஒரு குண்டு பல்பும், பல்பின் ஒயர் சூடேற்றும் பக்கத்து இணைப்பில், எஃப்1 30 டிகிரி, எஃப்2 ஒரு டிகிரி. சென்சாரைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, துணி சுற்ற வேண்டும்.