காதில் ஏறிய எண்

கால்நடைகளுக்குக் குறியிடுதல் பழம்பெரும் வழக்கம். அக்குறி, ‘இஃது யாருடையது?’ என்ற வினாவுக்கு விடை பகர்ந்தது. ‘எங்கிருந்து வந்தது?’ என்ற வினாவின் அருமையை 2001ஆம் ஆண்டு உணர்த்திற்று.

அவ்வாண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடமொன்றில் பன்றிகளிடம் கோமாரி நோய் காணப்பட்டது. அதன் மூலத்தைத் தேடியவர்கள், வடகோடி நார்தம்பர்லாந்தின் பன்றிப் பண்ணையொன்றை அடைந்தனர். அதற்குள் நோய் ஆடுகளைப் பற்றி, சந்தைகள் வழியே பரவிவிட்டது. பிரிட்டனில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

இன்று பன்றியின் காதில் மின்னணு வில்லை பொருத்தலாம். அதில் மின்கலம் இல்லை. வாசிப்புக் கருவியின் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, தன் 15 இலக்க எண்ணை அறிவிக்கும். எனினும், விலங்கு சென்ற இடமெல்லாம் ஏட்டில் ஏறவேண்டும். பதிவு தவறின் எண்ணால் பயனில்லை என்பது என் துணிபு.